வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த செய்தி

அந்தப் பத்திரிகையின் மூத்த நிருபர் ஒருத்தி எழுதும் செய்திகள் அச்சில் சாய்ந்தே வரும். அவளுக்குப் பிடித்தவரைப் பற்றியதென்றால் வலப்பக்கம், பிடிக்காதவரென்றால் இடப்பக்கம். அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள், கோளாறு ஒன்றுமில்லை. விலைவாசியும் ரயில் நேரமும் நேராகவே நின்றன. முணுமுணுத்த வாசகர்கள் நாளடைவில் பழகிப்போனார்கள். தேர்தல் வருஷத்தில் மட்டும் ஒருவர் கழுத்து சுளுக்கிக்கொண்டதாகப் புகார் எழுதினார். எந்தப் பக்கமும் சேராதவள் என்று தன்னை நினைத்திருந்த அவளுக்கோ, காலையில் பத்திரிகையை விரிக்கவே கூசியது.

அப்படியிருக்கையில்தான் ரயில் நிலையத்து நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸும் ஒரு தையல்காரரும் செத்துப்போனார்கள். பாலத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் அவளுடைய தம்பி. அங்கே முதலில் போய்ச் சேர்ந்த நிருபர் அவள். உடைந்த தூணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி தன் சுண்டுவிரலைவிட மெலிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தாள்.

தம்பி பத்திரிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டான். "அக்கா, மழையிலதான் விழுந்துச்சுன்னு போடு. பெய்யாத மழையையா எழுதச் சொல்றேன்?"

மழை பெய்தது உண்மைதான். அதை முதலில் வைத்து, கம்பியைக் கடைசிக்குத் தள்ளி எழுதினாள். பிழைதிருத்த எடுத்த புரூப் தாளில் வரிகள் வலப்பக்கம் சரிந்து, தாளின் ஓரத்தைத் தாண்டி மேஜைமேல் கொட்டின. பயந்துபோய், தம்பியைக் கொலைகாரன் என்னாத குறையாக மாற்றி எழுதினாள். இந்தமுறை இடப்பக்கம் கொட்டின. ஆசிரியர் எழுத்துகளைக் கையால் வாரிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமாம்மா?"

"பார்த்தது நான்தானே சார்."

நர்ஸின் வீட்டுக்குப் போனாள். அழுது ஓய்ந்திருந்த தாய் அவளை நிமிர்ந்து பார்த்து, "கட்டுனது உன் தம்பியாமே?" என்று மட்டும் கேட்டாள். இவள் ஆமாம் என்றாள். திரும்பிவந்து அதையே முதல் வரியாக எழுதினாள்: பாலத்தைக் கட்டியவர் இந்தச் செய்தியை எழுதுபவரின் தம்பி. பிறகு கம்பி, மழை, தம்பி சொன்னது, இறந்தவர்களின் வீட்டார் சொன்னது.

அப்போதும் வரிகள் நேராகிவிடவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஆனால் தாளைவிட்டு இறங்காமல் நின்றன. ஆசிரியர் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

தம்பி சிறைக்குப் போனான். விடுதலையாகி வந்தும் அவளோடு பல வருஷம் பேசவில்லை. செய்தி வெளியான காலையில், பாலமில்லாமல் தண்டவாளத்தைத் தாண்டி வந்த பயணிகள், தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, அதைக் கடைசி வரிவரை படித்தார்கள். ரயில் வந்ததும் ஏறிப்போனார்கள்.