குமிழி இல்லாத பக்கம்

டிராவல்ஸ்காரர் பழைய பாஸ்போர்ட்டின் விசாப் பக்கத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். டக் டக் என்று சத்தம் வந்தது. காகிதம் அப்படிச் சத்தம் போடாது.

"யாரு பண்ண வேலை இது?" என்றார்.

அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த கணவரைப் பார்த்தாள். அவரோ தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை விலை பேச வந்தவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் சும்மா பேருக்குத்தான், மனிதருக்கு உயிரெல்லாம் லேமினேஷன் மெஷினில். நல்லதாக எது கண்ணில் பட்டாலும் அதைப் பிளாஸ்டிக்குக்குள் போட்டு மூடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கல்யாண போட்டோவிலிருந்து ஃபிரிட்ஜ் வாங்கிய ரசீது வரைக்கும் எதுவும் தப்பவில்லை. அந்த வீட்டில் லேமினேஷன் ஆகாமல் மிஞ்சியது அவளும் அவளுடைய தையல் மெஷினும்தான் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அந்த விசாவுக்கு ஒரு கதை இருந்தது. அவளுடைய அக்கா கடல் தாண்டிப் போய் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்து, அங்கேயே தங்கிவிட்டவள். அம்மா போன பிறகு இவளுக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அந்த அக்காதான். அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் கணவன் மனைவி இரண்டு பேரும் சுற்றுலா விசாவுக்குப் போட்டார்கள். இவள் அப்போது துணிக் கம்பெனியில் மாதச் சம்பளக்காரி என்பதால் இவளுக்குக் கிடைத்தது, அதுவும் பத்து வருடத்துக்கு. கடை வருமானத்துக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று அவருக்கு மறுத்துவிட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். இவர் இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். அதே சந்தோஷத்தோடு, புத்தகம் மெஷினுக்குள் நுழையாது என்பதால், விசாப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு புறமும் பிளாஸ்டிக் வைத்து, அவளுடைய இஸ்திரிப் பெட்டியாலேயே தேய்த்து ஒட்டிவிட்டார். "பத்து வருஷம் செல்லும்னா பத்து வருஷம் தாங்கணும்ல?" என்றார்.

அவருடைய நியாயம் அது. பெட்டியின் அடியில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்குக்காக அவள் ஒரு வாரம் திட்டினாள். விசாவைப் பற்றி அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நீ போய்விட்டு வா என்று அவர் ஒவ்வொரு வருடமும் சொன்னார். நீங்கள் இல்லாமல் நான் மட்டும் எப்படி என்று இவளும் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டாள். பாஸ்போர்ட் முடிந்து புதுசு வந்தது. பழசை மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். விசாவுக்கு மட்டும் இன்னும் சில மாதம் உயிர் இருந்தது.

இப்போது அந்த நாடு, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விசாவே வேண்டாம், பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று கதவைத் திறந்துவிட்டது. செய்தியைக் கேட்ட அன்று அவர் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்தார். அடுத்த வாரமே அக்காவிடமிருந்து போன். முழங்காலில் ஆபரேஷன். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இரண்டு மாதமாவது ஆகுமாம். தனியாக இருக்கிறவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது.

"பழைய விசா செல்லும்மா, அதுல மூணு மாசம் இருக்கலாம்," என்றார் டிராவல்ஸ்காரர். "ஆனா இந்தப் பிளாஸ்டிக் இருக்கே... ஆபீசர் நல்ல மூட்ல இருந்தா விட்டுடுவாங்க. இல்லன்னா, இதுல கை வச்சிருக்கீங்கன்னு சொல்லி அடுத்த பிளைட்லயே ஏத்தி விட்டுடுவாங்க. விசா இல்லாமப் போனீங்கன்னா பதினஞ்சு நாள், ஒரு கேள்வி கிடையாது. உள்ள போனப்புறம் மாத்திக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் வைத்தாள். அவர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வேணாம்மா. பிரிச்சா விசாவும் சேர்ந்து வந்துடும். நான் ஒட்டுனா பிரியாது."

குற்றவாளியின் குரலில்தான் சொன்னார். ஆனால் கடைசி வார்த்தைகளில் தொழில்காரனின் பெருமை எட்டிப் பார்த்துவிட்டது. அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்த கோபம் சிரிப்பாக மாறிப்போனது.

"நீ பழசையே காட்டு," என்றார் அவர். "அக்காவுக்கு நீ வேணும். நான் பதினஞ்சு நாள் இருந்துட்டுத் திரும்பிடறேன்."

"வந்து சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"நீ சமைச்சு வச்சுட்டு வா. லேமினேட் பண்ணி வச்சுக்கறேன்."

அக்கா போனில் வேறு மாதிரி சொன்னாள். "பாப்பா, வம்பெல்லாம் எதுக்கு? பதினஞ்சு நாளே எனக்குப் போதும். உன்னப் பாத்தாலே நான் எந்திரிச்சு நடந்துடுவேன்." இந்தக் குரலை இவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு என்று சின்ன வயதில் சொன்ன அதே குரல். அந்தக் குரலை நம்பி நம்பித்தான் வளர்ந்தோம் என்பது அவளுக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. நம்பியது போதும் என்று நினைத்தாள். ஆனாலும் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் போகவில்லை.

விமானம் இறங்கி, குடியேற்ற வரிசையில் நிற்கும்போதும் அவள் முடிவு செய்திருக்கவில்லை. பழசையும் புதுசையும் சேர்த்து ஒரு எலாஸ்டிக் துண்டால் கட்டி வைத்திருந்தாள். புதுசை மட்டும் உருவிக் காட்டினால் போதும், இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்காவின் மடியில் தலை வைத்துவிடலாம். வரிசை நகர நகர எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டாள். பின்னால் நின்ற கணவர் இரண்டு பேரின் பைகளையும் தானே சுமந்துகொண்டு, வேடிக்கை பார்க்கிற குழந்தையாக நின்றிருந்தார். ஒன்பது வருடம் இந்த மனிதருக்கு மூடியிருந்த கதவு இது. ஒரு நாளாவது அதைச் சொல்லி அவர் பெருமூச்சு விட்டதில்லை. இன்றைக்கு அவரை நிற்கவிட்ட அந்த வரிசைக்கும், முன்பின் தெரியாத அந்த நாட்டுக்கும் மனசுக்குள் நன்றி சொன்னாள். சொன்ன அந்த நிமிஷம்தான் வழி தெரிந்தது.

"இங்க பாருங்க. நான் பழசைத்தான் காட்டப்போறேன். என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, நீங்க கூட வரக்கூடாது. நேரா அக்காகிட்டப் போயிடணும்."

"நானா? நான் போயி என்ன பண்ணுவேன்?"

"பதினஞ்சு நாளாவது தண்ணி எடுத்துக் குடுப்பீங்கல்ல. உங்கள நம்பித்தான் காட்டறேன்."

அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. இவள் வயதுதான் இருக்கும். புதுசைப் பார்த்தாள், பழசைத் திறந்தாள், விசாப் பக்கம் வந்ததும் நின்றாள். நகத்தால் தட்டினாள். டக் டக். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இது யார் செய்தது என்று அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

இவள் திரும்பிப் பார்ப்பதற்குள், தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கணவரின் கை பள்ளிக்கூடத்துப் பையன் போல உயர்ந்துவிட்டது. அதிகாரி ஒரு விரலை மடக்கிக் கூப்பிட்டாள். வந்தார். வந்தவர் பயப்பட வேண்டிய நேரத்தில், அதிகாரியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். அதன் ஒரு மூலை பிளந்திருந்தது. போட்டோவில் சரியாகக் கன்னத்தின் மேல் ஒரு பெரிய காற்றுக் குமிழி. "சே, சூடே பத்தல," என்று தன்னை மறந்து முனகினார். அதிகாரி இவர் பார்வை போன இடத்தைக் குனிந்து பார்த்தாள். கட்டை விரலால் குமிழியை அழுத்தினாள். விரலை எடுத்ததும் அது மறுபடி எழுந்துகொண்டது.

பிறகு பழைய பாஸ்போர்ட்டை விளக்குக்குக் கீழே இழுத்து, விசா எண்ணைக் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள். திரையில் என்னவோ சுற்றிக்கொண்டிருந்தது. கணவரின் விரல்கள் இவள் விரல்களைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன. வெளிச்சத்தில், விசாவிலிருந்த போட்டோவில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய இவள், ஒரு நரை இல்லாமல், ஒரு குமிழி இல்லாமல், அன்றைக்கே அக்காவைப் பார்க்கக் கிளம்பிவிட்டவள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.