டைம் அவுட் கேட்ட பெண்

கோச் மேடையேறியபோது, பெட்டிகளுக்கு டேப்பு ஒட்டும் டேப்பு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மேடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சரக்கு அடுக்கும் மரப்பலகைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். கேன்டீன் மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, அவருடைய ஊக்கப் பேச்சைக் கேட்க பேக்கிங் பிரிவு மொத்தத்தையும் வேலையை நிறுத்தி உட்கார வைத்திருந்தார்கள். மைக் கைக்கு வந்ததும் மனிதர் முதல் காரியமாக அதை ஊதிப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் விசிலையும் இப்படித்தான் ஊதுவார், காரணமே இல்லாமல்.

ஆமாம், அதே ஆள்தான். கல்லூரியில் அவளுடைய கூடைப்பந்து அணிக்குக் கோச்சாக இருந்தவர். தொப்பை வந்திருந்தது, தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் வந்திருந்தது, சட்டைக்கு மேல் கோட்டு வந்திருந்தது. அறிவு மட்டும் வரவில்லை என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"வாழ்க்கை ஒரு கோர்ட்டு," என்றார். "நாம எல்லாரும் ஆட வந்தவங்க. ஒரு மகா கோச் சொன்னாரு, ஜெயிக்கிறவன் தோக்கறதில்லைன்னு."

முதல் வரிசையில் இருந்த மேனேஜர் இதைக் குறித்துக்கொண்டார். எந்த மகா கோச் என்று யாரும் கேட்கவில்லை. அன்று மதியம் வரை வந்துபோன மகா கோச்சுகளில் ஒருவருக்குக்கூட ஊரும் இல்லை, பேரும் இல்லை. நாள்காட்டித் தாளில் அச்சடித்திருப்பதையெல்லாம் கிழித்து, ஆளுக்கு ஒன்றாக அவர்கள் வாயில் திணித்திருந்தார் இவர்.

கூடைப்பந்து வார்த்தைகளுக்கெல்லாம் அவரிடம் புது அர்த்தம் இருந்தது. ரீபவுண்ட் என்றால் விழுந்தவன் எழுவதாம். அசிஸ்ட் என்றால் மேலதிகாரி சொல்வதைத் தட்டாமல் செய்வதாம். ஃபுல் கோர்ட் பிரஸ் என்றால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்ப்பதாம். அந்த இடத்தில் மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, கைதட்டலை அவரே ஆரம்பித்து வைத்தார்.

"அக்கா, பெஞ்சு பெஞ்சுங்கறாரே, அது என்னக்கா?" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் ஸ்டிக்கர். பெட்டிகளில் முகவரி ஒட்டுகிறவள்.

"ஆடத் தெரிஞ்சவங்களை உக்கார வைக்கிற இடம்."

"அப்ப தெரியாதவங்க?"

"மைக் பிடிப்பாங்க. சும்மா இரு."

டேப்பு அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேண்டும். அந்த வேலைக்கு நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் தராசுக்காரர், ஒருவர் மேனேஜரின் மச்சான், மூன்றாவது அவள். சூப்பர்வைசருக்குக் கண்ணாடி அறை உண்டு, அதில் ஒரு நாற்காலி உண்டு. அவளுக்குப் பதவிமேல் ஆசை இல்லை, உட்காரத்தான் ஆசை. நாள் முழுக்க நின்றபடி பெட்டிகளுக்கு டேப்பு ஒட்டி ஒட்டி, வலது முட்டி சாயங்காலத்துக்குள் பன் மாதிரி வீங்கிவிடும். இனியும் நின்றால் அறுவைச் சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வீடு நடக்காது. யாரிடம் தலைமைப் பண்பு இருக்கிறது என்பதை கோச் பார்த்துச் சொல்வார், அவர் சொல்வதுதான் முடிவு என்று மேனேஜர் காலையிலேயே அறிவித்திருந்தார்.

அந்த முட்டியைக் கெடுத்ததே இந்த மகானுபாவர்தான் என்பது மேனேஜருக்குத் தெரியாது.

"இப்ப ஒரு கதை சொல்றேன்," என்றார் கோச். குரலைத் தாழ்த்தினார், கண்ணை மூடினார். "ஒரு ஃபைனல். என் டீமு ஒரு பாயின்ட் முன்னால இருக்கு. சில செகண்டுதான் பாக்கி. என் டீம்ல ஒரு சின்னப் பொண்ணு. பயந்துபோயி டைம் அவுட் கேட்டுட்டா, ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கன்னு. கேக்கக் கூடாத நேரம். ஃபவுல் ஆயிடுச்சு, தோத்துட்டோம். எல்லாரும் அவளை அடிக்கப் போறாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவளைக் கட்டிப்பிடிச்சு, மன்னிச்சிட்டேம்மான்னு சொன்னேன். பழியை நான் ஏத்துக்கிட்டேன். அதுதான் தலைமை!"

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இந்த மனிதர் கூசாமல் பொய் சொல்வார் என்பது டேப்பு அக்காவுக்குத் தெரியும். பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குத் தானே கண்கலங்குவார் என்பது புதிது.

"அந்தப் பொண்ணா நடிக்க ஒருத்தர் வாங்க," என்ற கோச் முதல் வரிசையைப் பார்த்தார். மூன்று பேரில் பெண் அவள் ஒருத்திதான். "நீங்க வாங்கம்மா."

தான் யாரென்று கண்டுபிடித்துவிட்டார், நடிப்பு என்று சொல்லித் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். காலை இழுத்துக்கொண்டு பலகை மேல் ஏறினாள். அவர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"சொல்லும்மா. அன்னைக்கு என்ன தப்பு பண்ணே? மன்னிப்புக் கேளு."

எதிரே மேனேஜர் பேனாவும் கையுமாக இருந்தார். ஒரு வார்த்தை போதும். மன்னிச்சிடுங்க சார் என்று சொன்னால் முடிந்தது, நாளையிலிருந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மானத்தைப் பார்த்தால் முட்டி போகும். உண்மையைச் சொன்னால், இப்போது இருக்கும் வேலையும் நிலைக்குமோ என்னவோ. மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அவள் உச்சந்தலையில் கைவைத்து, "பயப்படாதே, நான்தான் மன்னிச்சிட்டேனே," என்றார்.

கையைத் தட்டிவிட்டாள்.

"டைம் அவுட் நான் கேக்கல," என்றாள். "ஆடறவங்க அதைக் கேக்கவே முடியாது. கோச்சுதான் கேக்கணும். உங்ககிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுகூட மிச்சம் இல்ல, எல்லாத்தையும் எங்களைத் திட்டறதுக்கே செலவு பண்ணிட்டீங்க. பந்து என் கையில இருந்துச்சு. தட்டிக்கிட்டே நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம். நீங்கதான் வாய் ஓயாம கத்திக்கிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ள ஓடி வந்தீங்க. உங்க மேலதான் ஃபவுல் குடுத்தாங்க. அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, ரெண்டும் விழுந்துச்சு. பிரின்சிபால் வந்து கேட்டதும் என்னைக் கைகாட்டினீங்க. அவருக்கு ஆட்டமே தெரியாது, நம்பிட்டாரு. கட்டிப்பிடிச்சீங்களா? தண்டனைன்னு சிமெண்டுத் தரையில என்னை ஓட விட்டீங்க. முட்டி வீங்கி நான் விழற வரைக்கும் ஓட விட்டீங்க. அப்புறம் டீமை விட்டுத் தூக்கினீங்க."

தன் மூச்சு மைக்கில் கேட்பதை அவள் கேட்டாள். வேலை போயிற்று, போகட்டும், இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது என்று ஒரு நிம்மதி அவளுக்கு.

மேனேஜர் எழுந்து நின்றார். கைதட்டினார்.

அவர் தட்டியதைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். "சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவ!" என்று தராசுக்காரர் கத்தினார். கோச்சோ எல்லாரையும்விட பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா! கதையையே திருப்பிப் போட்டுட்டாங்க! தலைவனையே எதிர்த்துக் கேள்வி கேக்கற தைரியம்! ஒரு மகா கோச் சொன்னாரு, கேள்வி கேக்கறவன்தான் நாளைய தலைவன்னு. இவங்கதான் உங்க சூப்பர்வைசர்!"

மேனேஜர் மச்சானைப் பார்க்காமல் மைக்கை வாங்கி, ஆமாம், முடிவாகிவிட்டது என்றார். மறுபடியும் கைதட்டல். டேப்பு அக்கா பலகை மேல் மரமாக நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் கோச் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டார். மேனேஜரும் கூடவே வந்தார்.

"அருமையா பண்ணீங்க மேடம். ரூல்ஸ் எல்லாம் எப்படித் தெரியும்? ஸ்கூல்ல ஆடியிருக்கீங்களோ? அந்த நொண்டி நடை இருக்கே, தத்ரூபம்!"

மேடம் என்றார், நீங்க என்றார். அவள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு சின்னத் திருட்டுத்தனமாவது கண்ணில் தெரியுமா என்று தேடினாள். தெரிந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. பொய்யைச் சொல்லிச் சொல்லி, உண்மையில் நடந்ததை அடியோடு துடைத்துவிட்டிருந்தார். இவர் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று இத்தனை வருஷம் தன்னையறியாமல் காத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆளே இல்லாத வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நம்ம மத்த கிளைங்களுக்கும் சார் போறாரு," என்றார் மேனேஜர். "கூட நீயும் போய் இதையே செஞ்சு காட்டணும்."

"இந்தக் கோபம் மட்டும் குறையக் கூடாது," என்றார் கோச்.

"சார், அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டாள் அவள்.

"எந்தப் பொண்ணு?"

"கதையில வர்ற பொண்ணு."

கோச் சிரித்தார். "பேரெல்லாம் எதுக்கு மேடம்? அது ஒரு கேரக்டர்தானே."

"நான்தான் சார் அது. முட்டி இன்னும் வலிக்குது."

ஒரு நொடி அவர் வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, பிரமாதம்! இந்த வசனத்தைக் கடைசியில வெச்சுக்கலாம்!"

அவர்மேல் காறித் துப்பலாம் என்று தோன்றியது. துப்பினால் அதையும் நடிப்பில் சேர்த்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"நான் எங்கயும் வரல," என்றாள் மேனேஜரிடம்.

மேனேஜர் முகம் சுருங்கியது. "வரலன்னா சூப்பர்வைசர் விஷயத்தை நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

"யோசிங்க சார். அத்தனை பேர் முன்னால மைக்குல சொல்லியிருக்கீங்க. மாத்தறதா இருந்தா அதையும் மைக்குல சொல்லுங்க, நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."

மேனேஜர் கோச்சைப் பார்த்தார். கோச் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஸ்டிக்கரை மேலும் கீழுமாக அளந்தார்.

"இந்தப் பொண்ணு நல்லா அழுமா?" என்று கேட்டார்.