ஆள் குறைந்த கஞ்சித்தொட்டி

மழையும் பொய்த்து நூலும் கிடைக்காமல் போன நாற்பத்தேழாம் வருடம். அருப்புக்கோட்டையில் நடந்துவந்த மூன்று கஞ்சித்தொட்டிகளில் ஒன்றை மூடவேண்டியிருந்தது. தானியம் அவ்வளவுதான் வந்தது. எதை மூடலாம் என்று பார்த்து எழுதித் தரும் வேலை நர்ஸ் ஜெயக்கொடியிடம் வந்து சேர்ந்தது.

சர்ச் தெருத் தொட்டியில் கூட்டம் நெரிந்தது. பந்தல்குடி ரோட்டில் வெள்ளாமை பொய்த்த சம்சாரிகள் விடியுமுன்பே சட்டியோடு வந்துவிட்டார்கள். கடைவீதி முனையில் நெசவாளர்களுக்காக வைத்த தொட்டிக்கு மட்டும் நாற்பது பேர்கூட வரவில்லை.

“பசி இல்லாதவுகளுக்கு எதுக்கும்மா கஞ்சி? அதையே மூடிருவோம்” என்றார் நிவாரண அதிகாரி வெள்ளத்துரை.

ஜெயக்கொடிக்கும் அது சரியென்றே பட்டது. இருந்தாலும் மூன்று இடத்துப் பிள்ளைகளையும் எடைபோடாமல் எழுத மனம் வரவில்லை. மற்ற இரண்டு இடத்தையும் முடித்துவிட்டு, துணித்தூளி கட்டிய தராசோடு நெசவாளர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்தத் தெருப் பிள்ளைகள்தான் எல்லாரிலும் எடை குறைவு. நெசவுக்காரி கஸ்தூரியின் இரண்டு வயது மகளைத் தூளியில் வைத்தபோது முள் பதினான்கு ராத்தலைத் தாண்டவில்லை. ஜெயக்கொடி பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள்.

“பிள்ள இப்படிக் கிடக்கு. கஞ்சிக்கு ஏன் தாயி வரல?”

கஸ்தூரி ஓடாத தறியைப் பார்த்தபடியே சொன்னாள்: “தொட்டிக்கு எதுத்தாப்புல நூல்கடை, நர்சம்மா. நேத்துவரைக்கும் சேலையக் கொடுத்து நூலு வாங்குன இடம். அவுக பாக்க நான் சட்டி ஏந்தி நிக்கவா?”

மறுநாள் ஜெயக்கொடி வெள்ளத்துரையிடம் போய், தொட்டியைத் தெருவுக்கு உள்ளே, தறிக்குப் பாவு நூல் நீட்டிக் கட்டும் மைதானத்துக்கு மாற்றச் சொன்னாள். “வீட்டுக்கும் கொண்டுபோக விடுங்க சார்.”

“ஆட்டுக்கு ஊத்திருவாகம்மா.”

“ஆட்டுக்குப் போகுதா பிள்ளைக்குப் போகுதான்னு பிள்ளைக எடை சொல்லும் சார். பதினஞ்சு நாள் கொடுங்க.”

அவர் அரைமனதாகச் சம்மதித்தார்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி ஒரு கும்பாவில் வாங்கி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து குடித்தாள். கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. கடைசியில் கஸ்தூரிதான் முந்தானைக்குள் செம்பை மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். அந்த வாரம் முடிவதற்குள் நூற்றைம்பது பேர் வந்தார்கள்.

பதினைந்தாம் நாள் வெள்ளத்துரையே நேரில் வந்து எடைகளைப் பார்த்தார். “அப்ப எதத்தான் மூட?” என்றார்.

“எதையும் மூடக் கூடாதுன்னுதான் எழுதப்போறேன் சார்.”

“எழுதுங்க. தானியத்துக்கு நான் மேல கேட்டுப் பாக்கேன்.”

அப்போது கஸ்தூரியின் மகள் தூளியில் இருந்தாள். பதினைந்தேகால் ராத்தல். ஜெயக்கொடி சொன்னதைக் கஸ்தூரி நம்பவில்லை.

“கயிறு எங்கனயும் தட்டுதோ என்னமோ. இன்னொருக்கா போடுங்க நர்சம்மா.”

திரும்பப் போட்டாள். முள் அதே இடத்தில் நின்றது. கஸ்தூரி பிள்ளையை வாரி எடுத்து, அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.