முயல்களின் உறவினர்

அந்த டெல்லி ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் இராஜமாணிக்கத்தைவிட ஆரோக்கியமான ஆள் கிடையாது. இது அவரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. ஒல்லி உடம்பு, காலையில் லோதி தோட்டத்தில் நடை, நாள் தவறாமல் நெய். அப்பாவும் அண்ணனும் ஐம்பதைக் காணாமலே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள். அப்பாவுக்கு ஊர் மாற்றல் உத்தரவையும் அண்ணனுக்கு டெல்லிக் குளிரையும் காரணமாகச் சொல்லி அவர் கணக்கை முடித்துவைத்திருந்தார். அவருக்கு இப்போது நாற்பத்தாறு. படியேறும்போது மட்டும் மூச்சு வாங்கி அந்தக் கணக்கு உதைக்கும்.

ஆராய்ச்சி முயல்களைப் பற்றியது. பரம்பரையாக ரத்தத்தில் கொழுப்பு மிகும் ஒரு முயல் குடும்பத்தை அவர் வளர்த்துவந்தார். ரத்தத்தில் மருந்து சேர்த்தால் பச்சை நிறம் வரும். கொழுப்பு கூடக்கூடப் பச்சை கறுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான மனித ரத்தமும் ஒன்று வேண்டும். மேலதிகாரி இருக்க வேறு யார் ஆரோக்கியமாக இருக்க முடியும்? தம் கையையே நீட்டினார்.

அவருடைய ரத்தம் இருந்த சோதனைக் குழாய் ஒவ்வொரு தடவையும் கரும்பச்சையாகத்தான் வந்தது. சோதனை செய்யும் அம்சவேணி, பயந்து பயந்து அதைச் சொன்னாள். முயல் குழாயோடு மாற்றி வைத்திருப்பாய் என்று அவர் எரிந்து விழுந்தார். அவளும் ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட்டு மறுபடி செய்தாள்.

மந்திரி அலுவலகத்து விருந்தினர் ஒருவர் வந்த அன்று, குழாய் மாறவே வழியில்லாதபடி எல்லார் முன்னாலும் ரத்தம் கொடுத்தார் இராஜமாணிக்கம். நிறம் ஏறும்வரை பேச்சும் தயாராக இருந்தது.

"ஒல்லி உடம்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அப்பன்கிட்டயிருந்து வந்த கொழுப்பு உள்ளேயேதான் இருக்கும்."

எல்லாரும் முயல்களைப் பார்த்தார்கள். அம்சவேணி மட்டும் குழாய்களைப் பார்த்தாள். அவருடையது முயல் குடும்பத்தோடு சேர்ந்து கறுத்து நின்றது. விருந்தினர், "அச்சா, இது எந்த முயல்?" என்று கேட்டார்.

இராஜமாணிக்கம் உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு வந்தது மாற்றல் உத்தரவு மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இதயத்து ரத்த நாளங்கள் அடைக்க ஆரம்பித்திருந்தன. ஆனால் நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார்கள். நெய் போயிற்று, கறி போயிற்று, யாருக்கும் தெரியாமல் பிடித்த சிகரெட்டும் போயிற்று. கரைத்துக் குடிக்க ஒரு தூள் வந்தது. மணலைக் குடிப்பதுபோல் இருக்கும். அதைவிடக் கடினமாக இருந்தது மகள் செல்வியின் ரத்தம் நிறம் மாறக் காத்திருந்தது. அம்சவேணிதான் பார்த்தாள். இளம்பச்சை.

அவர் அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஒன்னை எவ்வளவு திட்டினேன். நீ கொட்டிட்டுக் கொட்டிட்டுச் செஞ்சியே, அதுக்கு நான் என்னம்மா சொல்றது" என்றார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் சார். தூளை ஒழுங்காக் குடிங்க."

அன்று மாலை ஒரு கொத்தமல்லிக் கட்டோடு முயல் கூண்டுகளுக்குப் போனார். அம்சவேணி தயங்கித் தயங்கிச் சுவரைக் காட்டினாள். வெளித்தீனி கூடாது என்று அவரே கையெழுத்திட்டு மாட்டிய பலகை.

அவர் கொத்தமல்லிக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முயல்களை நோக்கிக் கை கூப்பினார். மந்திரி அலுவலகத்து விருந்தினர் வந்தபோதுகூட அவ்வளவு குனிந்ததில்லை. பிறகு கொத்தமல்லியோடு வீட்டுக்கு நடந்தார். நெய்யில்லாத ரசத்துக்கு ஆகும்.