தண்ணிக்கோட்டுக்கு மேலே மூன்று பலகை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் இணைய இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது: 'குழந்தைகளின் ஓவியப் பொருட்களை வீட்டில் ஒழுங்காக வைக்க ஏழு வழிகள்.' எனக்குக் குழந்தை கிடையாது. என் வீட்டில் ஒழுங்கும் கிடையாது. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவது எங்கள் தொழிலில் புதிதில்லை.

அப்போதுதான் மலர்க்கொடி ஞாபகம் வந்தது. முன்பு திருவொற்றியூரில் ஒரு தையல் கம்பெனி ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி. இப்போது சடையங்குப்பத்தில் இருக்கிறாள். மூத்த மகள் மதியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பாடத்தில் பாதி படம் வரைவது. போய்ப் பார்த்தேன்.

சுவரில் மூன்று பலகை. முதல் பலகையில் ஊறுகாய் பாட்டில்களில் நிறம் நிறமாகப் பிரித்த கிரேயான், கலர் பென்சில். நடுப்பலகையில் வாட்டர் கலர், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலில் முனை மேலாக நிற்கும் பிரஷ்கள். மேல் பலகையில் இரண்டு முனையும் மூடிய பிளாஸ்டிக் குழாய்க்குள் சார்ட் பேப்பர். ஒவ்வொன்றிலும், கன்டெய்னர் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சப் போடுவார்களே, அந்தக் குட்டிப் பொட்டலம் ஒன்று. அவள் கணவர் பகலவன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பலகையும் பொட்டலமும் அங்கிருந்து வந்தவை.

அசந்துபோனேன். ஏழு வழிகளையும் அந்தச் சுவரைப் பார்த்தே எழுதினேன். கட்டுரை வந்து ஒரு வாரம் கழித்து மலர்க்கொடி போன் செய்தாள்.

"அக்கா, அந்த ஏழாவத மட்டும் எடுத்துடுக்கா."

"ஏன்டி?"

"அது தப்புக்கா. அந்தத் தப்ப நாங்க பண்ணோம். நீ அத்த ஊருக்கே சொல்லிக்குடுத்துட்ட."

ஏழாவது வழி இது: 'எல்லாவற்றையும் தரையிலிருந்து நல்ல உயரத்தில் வையுங்கள்.'

2

கட்டுரையை இதழ் திருத்தவில்லை. அதனால் இந்தக் கதை. மூன்று முறை தொடங்கினேன், மூன்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: 'எண்ணூர்ப் பக்கமிருந்து வீசிய காற்றில் புகையும் உப்பும் கலந்து' — விட்டுவிட்டேன். வடசென்னை என்றாலே புகையில் தொடங்குவது ஒரு கெட்ட பழக்கம். சடையங்குப்பத்துக்காரர்களுக்குப் பொழுது விடிவது தண்ணி லாரி ஹாரனில்.

இரண்டு: 'மதி என்று ஒரு சிறுமி. அவள் பேச மாட்டாள்' — இது பொய். தங்கை பூவிழியோடு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு மதி பேசுகிற பேச்சைக் கேட்டால் காது புளித்துவிடும். அவள் செய்யாதது ஒன்றுதான். எதையும் கேட்க மாட்டாள். பசித்தாலும் கேட்க மாட்டாள். நாம் போடும்வரை தட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்று: 'மலர்க்கொடி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்' — இது நல்ல வரி. ஆனால் இது நடுவில் வர வேண்டியது. எடுத்து வைத்திருக்கிறேன்.

3

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் மதி வெளியே போக வேண்டும் என்று கேட்கவில்லை. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பாவாடை நனைந்து, பெஞ்சு நனைந்து, தரை வரைக்கும் போய்விட்டது. டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கேட்க வேண்டியதுதானே? வாயில் என்ன கொழுக்கட்டையா?" அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் கொழுக்கட்டை. இரண்டு மாதம் கழித்துத்தான் இது வீட்டுக்குத் தெரிந்தது. மலர்க்கொடி போனாள். சண்டை போடவில்லை. பிள்ளையையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

(இந்த இடத்தில் டீச்சரை அரக்கியாக்கிவிடலாம் என்று எனக்கு ஆசை. முடியவில்லை. ஓர் அறையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.)

வீட்டில் மலர்க்கொடி ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்வியைத் தன் வாயால் கேட்பாள், பதிலை மதி வரைந்து காட்டுவாள். மழை எப்படி வருகிறது, சோறு வயிற்றுக்குள் போய் என்னவாகிறது, ஏழு பேர் ஆளுக்கு நாலு மீன் வாங்கினால் எத்தனை — எல்லாமே படம். மேகத்துக்குள் ஏறுகிற தண்ணீரை மதி எங்கே தப்பாக வரைகிறாள் என்று பார்த்தால் அவளுக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். அந்த வீட்டில் கிரேயான் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. பிள்ளையின் வாய் அது, பரீட்சைப் பேப்பரும் அதுதான்.

4

போன டிசம்பரில் தண்ணீர் வந்தது. சடையங்குப்பத்துக்குத் தண்ணீர் வருவது செய்தியில்லை. அந்த முறை கறுப்பாக, மண்ணெண்ணெய் வாடையோடு, நாலடிக்கு வந்தது. தரையில் அட்டைப்பெட்டியில் இருந்த கிரேயான், கலர், மதியின் ஒன்பது நோட்டு, எல்லாம் போயின.

தண்ணீர் வடிந்ததும் பகலவன் செய்த முதல் வேலை, சுவரில் கறை நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்தது. வீட்டில் அதற்குப் பெயர் தண்ணிக்கோடு. கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே முதல் பலகையை அடித்தார். ரேஷன் கார்டு, ஆதார், கலர் பென்சில் எல்லாம் கோட்டுக்கு மேலே போயின.

அதற்கப்புறம் மதி வரைவது குறைந்தது. ஏப்ரலில் வாரத்துக்கு ஒரு படம். ஆகஸ்டில் ஒன்றுகூட இல்லை. மலர்க்கொடி கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். போன நோட்டுகளை நினைத்து ஏங்குகிறாள் என்று மலர்க்கொடி நினைத்தாள். பகலவன் வேறு மாதிரி நினைத்தார்.

"நோட்டு பூரா வெள்ளையா கீது மே. இன்னாத்த படிக்குது அது? காலாண்டு லீவு முடியறவரைக்கும் பாக்கறேன். அப்பறம் ஸ்கூலு."

"அதே ஸ்கூலுக்கா?"

"வேற எங்க? நடந்து போற தூரத்துல அது ஒண்ணுதானே கீது."

கதை இதுதான். மறுபடி அந்த வகுப்புக்கு மதி போவாளா, மாட்டாளா. மற்றதெல்லாம் நான் போட்ட சாமான்.

5

முதலில் எழுதிய வடிவம்: 'மலர்க்கொடி கட்டிலை நகர்த்தினாள். சுவரின் அடிப்பகுதி முழுக்க மதி ரகசியமாக வரைந்த ஓவியங்கள். கடல், கிரேன், கப்பல்' —

இதை வெட்டிவிட்டேன். படிக்க நன்றாக இருந்தது, அதனால்தான் சந்தேகம் வந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது சின்ன விஷயம்.

செப்டம்பரில் ஒரு மதியம். மலர்க்கொடி லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மதி பலகைக்குக் கீழே நின்றாள். கால் கட்டைவிரல் நுனியில் எம்பிக் கையை நீட்டினாள். பலகைக்கு ஒரு சாண் கீழே விரல்கள் சுவரைத் தொட்டு நின்றன. பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ஆனால் பூவிழி அதிலிருந்து விழுந்து முகவாயில் மூன்று தையல் போட்டதிலிருந்து நாற்காலி ஏறக் கூடாது என்று வீட்டில் சட்டம். மதி சட்டத்தை மீறுகிற ஜாதியில்லை. கீழே உட்கார்ந்தாள். பழைய செய்தித்தாளை இழுத்துப்போட்டு நகத்தால் கீறிக் கீறி எதையோ வரைந்தாள்.

மலர்க்கொடிக்கு எப்படி இத்தனை மாதம் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காரணம் பூவிழி. நாலு வயசு. "அம்மா, செவப்பு குடு!" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துவாள். மலர்க்கொடி இருபது தடவையும் எடுத்துக் கொடுப்பாள். கேட்டால் கிடைக்கும் என்ற ஏற்பாடு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பாசத்தோடுதான், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்:

"கேக்க வேண்டியதுதானேடி? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. மதி நகத்தை எடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது மாதமாக அந்த வீட்டையும் ஒரு வகுப்பறையாக்கி வைத்திருந்தோம் என்று மலர்க்கொடிக்குப் புரிந்தது. இதை என்னிடம் சொல்லும்போது போனில் அழுதாள். நானும் அழுதேன். ஏழாவது வழியை எழுதிய கை என்னுடையது.

6

"பலகைய கீழ எறக்குய்யா."

"இன்னாமே சொல்ற? ஐப்பசி வந்துகினு கீது."

"கொழந்தைக்கு எட்டல."

"எட்டலன்னா கேக்கட்டும். சின்னது கேக்குதில்ல?"

"கேக்க முடியாத கொழந்தைன்னுதானேய்யா வூட்ல வெச்சிகினு கீறோம்?"

பகலவன் போய்த் தண்ணிக்கோட்டில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்:

"தண்ணி வடிஞ்ச அன்னிக்கு நீ அவ மூஞ்சிய பாக்கல. நான் பாத்தேன். அந்த நோட்ட எடுத்து துணி மாறி புழிஞ்சா மே. ஒவ்வொண்ணா புழிஞ்சி அடுக்குனா. ஒரு சொட்டு கண்ணுத்தண்ணி வர்ல. மறுபடி அத்த பாக்க என்னால ஆவாது."

(இருவரில் ஒருவர் தப்பு செய்தால் கதை எழுதுவது சுலபம். இந்த வீட்டில் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.)

மறுநாள் பகலவன் காசிமேட்டில் தோஸ்து ஹென்றியிடம் சொல்லி, மீன் அள்ளுகிற நீலப் பிளாஸ்டிக் பெட்டி இரண்டு வாங்கி வந்தார். பிளீச்சிங் பவுடர் போட்டு நாலு முறை கழுவினாள் மலர்க்கொடி. வாடை போனபாடில்லை. தூக்குவதற்குப் பக்கத்துக்கு ஒரு கயிறு. பகலில் பெட்டி தரையில். மழை வந்தாலோ, இருட்டினாலோ யாராவது பெரியவர்கள் தூக்கிப் பலகையில் வைப்பது. ஆளுக்குப் பாதி வெற்றி.

இரண்டு நாள் மதி பெட்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பூவிழி உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாள். அவளை இழுத்து வெளியே போட்டுவிட்டு மதி ஒரு பச்சைக் கிரேயானை எடுத்தாள். அதற்கப்புறம் பக்கம் பக்கமாக வரைந்தாள்.

7

லீவின் கடைசி ஞாயிறு. பகலவன் ஷிப்டில். மலர்க்கொடி பக்கத்து வீட்டு ராசையாவிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மணலி மார்க்கெட் போனாள். போய்ச் சேர்வதற்குள் வானம் கொட்டியது. எந்த ஆட்டோக்காரரும் சடையங்குப்பம் வரத் தயாராக இல்லை. முழங்கால் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தாள். வழியெல்லாம் அவள் மனதில் இருந்தது பிள்ளைகள், அப்புறம் பெட்டிகள். இரண்டும் தரையில்தான் இருந்தன. நாளைக்குப் பகலவனுக்குக் காட்ட வேண்டிய நோட்டு அதில் ஒன்றில்.

இங்கே மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

அ) மதி சட்டத்தை மீறி நாற்காலியில் ஏறிப் பெட்டிகளைத் தூக்கி வைக்கிறாள்.

ஆ) மதி வாசலுக்குப் போய் "மாமா!" என்று ராசையாவைக் கூப்பிடுகிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் ஒன்றைக் கேட்கிறாள். (பின்னணி இசை.)

இ) வழக்கம்போல் பூவிழி கத்துகிறாள். மதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. மலர்க்கொடி வீட்டுக்குள் வந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். பிள்ளைகள் இருவரும் கட்டிலில். பெட்டிகள் இரண்டும் முதல் பலகையில், பொட்டு ஈரம் இல்லாமல்.

"ராசையாவ கேட்டியா?" என்றேன்.

"கேக்கலக்கா. கேட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சா மதியோட நைனா அத்தையே புடிச்சிகினு நிப்பாரு. வாய தொறந்தான்னா, 'பாத்தியா, தொறக்குறா, ஸ்கூலுக்குப் போலாம்'னுவாரு. தொறக்கலன்னா, 'இன்னும் தொறக்கல, போனாதான் சரியாவும்'னுவாரு. எப்டிப் பாத்தாலும் அவ வாயிலதான் வந்து நிக்கும்."

மூன்று வழிகளையும் எழுதிய நானும் அவள் வாயையேதான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

8

சாயங்காலம் பகலவன் வந்தார். பலகையைப் பார்த்தார், மதியைப் பார்த்தார். எப்படி என்று கேட்க வாயெடுத்தார். மலர்க்கொடி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

நனைந்த பேன்ட்டோடு கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். பதினொரு பக்கம். மேகத்துக்குள் ஏறும் தண்ணீர் இந்த முறை சரியாக ஏறியிருந்தது. இருபத்தெட்டு மீன், ஒவ்வொன்றுக்கும் கண். கடைசிப் பக்கத்தில் அவர்கள் வீடு. கூரை வரைக்கும் வளர்ந்த ஒரு நைனா பெட்டிகளைத் தூக்கி மேலே வைக்கிறார். அவர் முழங்காலுக்கும் கீழே, விரல் நக அளவில் ஒரு பெண்.

அந்தப் பக்கத்தை வெகுநேரம் வைத்திருந்தார். மதி பூவிழிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அவர் பென்சிலை எடுத்து, படத்துக்கு அடுத்த பக்கத்தில், பழக்கமில்லாத கையெழுத்தில் எழுதினார்: 'ஸ்கூலுக்கு போவணுமா, வூட்லயே படிக்கலாமா? நைனாவுக்கு எத சொன்னாலும் சரி.' நோட்டைத் திறந்தபடி கட்டிலில் வைத்தார். பென்சிலை அதன் மேல் வைத்தார். பதிலுக்கு நிற்காமல் வாசல் தண்ணீரைத் தள்ளப் போய்விட்டார்.

முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துகொள்வதுதான் என்னைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வது. இந்த முறை அது உங்களுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது. எட்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் முதல் தடவையாக ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போயிருக்கிறார். அவள் எழுதட்டும், வரையட்டும், நாளைக்குச் சொல்லட்டும். நாம் எதிரில் நிற்க வேண்டாம். வாருங்கள், வெளியே போய் அவருக்குத் தண்ணீர் தள்ள ஒரு கை கொடுப்போம்.