மூன்று அட்டைகள்

தையல்காரரின் மகள் இரண்டாவது மாத்திரை அட்டை கேட்டு வந்தபோது, மருந்துக்கடையில் சேர்ந்து பத்து நாளே ஆன பெண் தனியாக நின்றிருந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

உடம்புவலி மாத்திரை தீர்ந்துவிட்டதாம், அப்பாவுக்கு நேற்றிலிருந்து வாந்தி வேறாம். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு மகள் முகத்தைச் சுளித்தாள்.

"வேற யாரு குடுப்பா? அப்பாவ நான் ஒருத்திதான் பாக்குறேன்."

இதே பேச்சைக் கடைப்பெண் ஏற்கெனவே கேட்டிருந்தாள். மூன்று நாளைக்கு முன் காய்ச்சல் மாத்திரை வாங்கிய ஒரு பெண்ணும், மாமனாரைத் தான் ஒருத்திதான் பார்ப்பதாகச் சலித்துக்கொண்டாள். அன்று மாலையே சளி மாத்திரைக்கு வந்தவர், கழுத்தில் அளவு நாடாவோடு நின்று, அப்பாவுக்குத் தன்னை விட்டால் நாதியில்லை என்றார். பெயர்கள்தான் வேறு. மூன்று மாத்திரையிலும் இருப்பது ஒரே பாராசிட்டமால்; அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். எடுத்துக் கொடுத்தது அவள் கை.

"அக்கா, உங்க அண்ணன், அண்ணி..."

"அவங்க பேச்ச எடுக்காத. ஒரே வீடு, மூணு அடுப்பு, அண்ணனும் அண்ணியும்கூட தனித்தனிதான். யாரோட யாரும் பேசி ஒரு வருஷமாச்சு."

சொன்னால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று பேரும் தனித்தனியே ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை எப்படியோ சொல்லி முடித்தாள். கடையைப் பூட்டிவிட்டு மகளின் பின்னாலேயே ஓடினாள்.

தையல்காரர் சுவரோரம் சுருண்டு கிடந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. தலையணைக்கடியில் மூன்று அட்டைகள்.

"ஒருத்தர் குடுத்தத வேணாம்னா அவங்களுக்கு மனசு சங்கடப்படும்மா," என்றார். "அதான் எல்லாத்தயும் முழுங்கிட்டேன்."

அட்டைகளின் காலிக் குழிகளைக் கடைப்பெண் விரலால் தடவி எண்ணினாள். இரண்டு தடவை கணக்குத் தப்பியது; மறுபடி எண்ணினாள். மகள் ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் கதவைத் தட்டினாள்.

ஆஸ்பத்திரியில் எத்தனை மாத்திரை என்று டாக்டர் கேட்டார். பத்து என்றாள் மகள். ஒன்பது என்றாள் மருமகள். மகன் ஏழு என்றான். ஒவ்வொருவரும் தாங்கள் கொடுத்ததை மட்டுமே சொன்னார்கள்.

"மூணு நாள்ல மொத்தம் இருபத்தாறு சார்," என்றாள் அவள். "மூணு அட்டையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

டாக்டர் திட்டுவார் என்று கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள். அவர் திட்டவில்லை. அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

அதைப் பார்த்துத்தான் அவள் இன்னும் அதிகமாகப் பயந்தாள்.