கூரை ஆகாத அம்மன்

"வேணு, நம்ம தூண் மேல இன்னாது அது, பளபளன்னு?"

"மழைத்தண்ணி தேங்கியிருக்கும்க்கா."

"தண்ணி சதுரமாவா தேங்கும்?"

வேணு நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தான். முந்தின நாள் ட்ரோன் எடுத்த படம் அது. அடி அண்ணாமலை கிரிவலப் பாதை, ஓரத்துப் புளியமரங்கள், காசியம்மாளின் பூஜைச் சாமான் கடை. கடைக்கு எதிரே, தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம். படத்தை நிறம் பிரித்துக் காட்டும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். அதற்குப் பயிர் என்றால் பச்சை, தண்ணீர் என்றால் நீலம், கட்டடம் என்றால் சிவப்பு. அது யோசிக்கவே இல்லை; சதுரத்துக்குச் சிவப்பு அடித்தது.

"கட்டடம்னு சொல்லுதுக்கா."

"அதுக்கு இன்னா தெரியும்?"

"மனுஷன் கண்ணு தப்பு பண்ணும், அது பண்ணாதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

அருணாதேவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். வருஷக்கணக்காக அளவுச் சங்கிலி இழுத்து வயல்வெளியில் கறுத்த நில அளவர் அவள். இப்போது வேங்கிக்கால் அலுவலக வளாகத்தில் வேணுவோடு உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை அளக்கும் தொலையுணர்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். தேறினால் இதே வளாகத்தில் தொடங்கப்போகும் புதுப்பிரிவில் வேலை. தேறாவிட்டால் தூரத்து மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு மாற்றல். மகள் கவிநிலா பன்னிரண்டாம் வகுப்பு. "நீ வேணா மலைக்குப் போ, நான் வரமாட்டேன்" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

தேர்வில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வானம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு தூண் நட வேண்டும். தூணின் தலையில் பித்தளைப் புள்ளி. அதன்மேல் ஜிபிஎஸ் கருவியை வைத்தால், அது சாட்டிலைட்டுகளைக் கேட்டு இடத்தையும் உயரத்தையும் சொல்லும். ட்ரோன் படம் முழுக்க அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஒரு மாதம் கழித்து அதே தூணை அளந்தால் அதே கணக்கு வர வேண்டும். வரும் புதன்கிழமை அந்த இரண்டாம் அளவு. பயிற்சி அதிகாரி செழியன் நேரில் வருகிறார். தெளிவு, தெளிவு என்று வகுப்புக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"வண்டியை எடு" என்றாள் அருணாதேவி.

தூண் பத்திரமாக இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், நடுவில் குங்குமம், இடுப்பில் சிவப்புப் பாவாடை, தலையில் கெட்டியாகச் சந்தனக் காப்பு. சுற்றிலும் சிமெண்ட் தரை போட்டிருந்தார்கள். மேலே நான்கு இரும்புக் குழாய்களில் புத்தம்புதுத் தகரம்.

"வாம்மா, வா" என்று காசியம்மாள் கடையிலிருந்து எழுந்து வந்தாள். "உன்னைத்தான் தேடினு இருந்தோம். சாமியை வச்சிட்டுப் போனவ அந்தாண்ட இந்தாண்ட எட்டிப் பாக்கலியே."

"சாமி இல்ல பெரிம்மா. இது சர்க்கார் தூணு. அளவுக்கு வச்சது."

"சர்க்கார் தூணுக்கு யாருனா கற்பூரம் காட்டுவாங்களா?"

அருணாதேவி வேணுவைப் பார்த்தாள். வேணு புளியமரத்தைப் பார்த்தான்.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள் தூணை நட்டு முடித்ததும், எலுமிச்சம்பழம் அறுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டியது அவள்தான். கற்பூரம் வாங்கியதும் இதே கடையில்தான். "சாட்டிலைட்டுக்கும் எலுமிச்சம்பழமா?" என்று வேணு அப்போதே கேட்டான். "ஒரு வேலைய ஆரம்பிச்சா சும்மாவா ஆரம்பிப்பாங்க?" என்று அவன் வாயை அடைத்தாள். மறுநாள் ஊர் கொள்ளாத கூட்டம் மலையைச் சுற்றியது. மஞ்சள் பூசிய கல்லைக் கண்டால் கும்பிடாமல் போகிற கை எது?

"கூரைய மட்டும் பிரிச்சிடுங்க பெரிம்மா."

"வெயில்ல வுடச் சொல்றியா? நல்லா இருக்குதே நீ பேசறது. பெத்துப் போட்டுட்டுப் போனது நீ, வளக்கறது நாங்க."

வேணு காதோரம் வந்தான். "அக்கா, போலீஸ வச்சுப் பிரிச்சிடலாம்."

"பௌர்ணமி வருது. தகரத்துல கை வச்சா ரோட்டுல உக்காந்துடுவாங்க. அப்புறம் ஜமுனாமரத்தூர்கூட எனக்குக் கெடைக்காது."

"அப்ப வேற எடத்துல ஒரு தூணு..."

"மாசம் கழிச்சு அளக்கணும்டா. இன்னிக்கி வச்ச தூணுக்கு ஏதுடா மாசம்?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காசியம்மாள் பக்கத்தில் போய் நின்றாள். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"பெரிம்மா, இது வானத்தோட பேசற தூணு. மேல சுத்தினு இருக்காங்க இல்ல, அவங்க சொல்றது இதுக்குக் கேக்கணும். நடுவுல தகரம் இருந்தா ஒண்ணும் காதுல வுழாது."

பாடத்தில் இருப்பதை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். காசியம்மாளின் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"கூரை ஆகாத அம்மனா? மொதல்லயே சொல்றதுக்கின்னா உனக்கு? அதான் தகரம் போட்ட நாள்லேர்ந்து எனக்கு மூட்டு வலி." கடைப் பையன் பக்கம் திரும்பினாள். "டேய் சுரேஷ்குமாரு, ஸ்பேனர் எடுத்தாடா. பெரிய தப்பு பண்ணிட்டம்டா."

பொழுது சாய்வதற்குள் தகரம் இறங்கிவிட்டது.

புதன்கிழமை காலையில் முக்காலியைத் தூணுக்கு மேல் நிறுத்தி, வெள்ளைக் காளான் போன்ற கருவியை அதில் பொருத்தினார்கள். பச்சை விளக்கு மினுக்கியதும் நாலு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

"எத்தினி கெடைக்குது?" என்று அருணாதேவி கேட்டாள்.

"பதினெட்டு" என்றான் வேணு, கருவியில் சாட்டிலைட் எண்ணிக்கையைப் பார்த்தபடி.

"பதினெட்டு பேரா?" என்றாள் காசியம்மாள். "சித்தருங்க. எல்லாருமே வந்துட்டாங்களா?"

"இல்ல பெரிம்மா, அது வந்து..."

"மரத்துப் பக்கம் போனா ரெண்டு பேரு கம்மி ஆயிடுவாங்க" என்று வேணு உண்மையைச் சொன்னான்.

"மரத்தை வெட்டிடலாமா?"

"வேணாம், வேணாம்" என்றாள் அருணாதேவி அவசரமாக.

செழியன் பதினோரு மணிவாக்கில் ஜீப்பில் வந்து இறங்கினார். சிமெண்ட் தரையில் கால் வைப்பதற்குள் காசியம்மாள் மறித்தாள். "ஷூவ அவுத்துட்டு வாங்க சார்."

"அம்மா, நான் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கேன்."

"கலெக்டரே வந்தாலும் அவுக்கணும்."

அவிழ்த்தார். கருவியில் வந்த கணக்கைப் போன மாதக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். "இடம் சுத்தமா பொருந்துது. ரொம்ப நல்லாருக்கு. உயரம்தான் ஒதைக்குது. ஒரு மாசத்துல தூணு வளந்துடுச்சா?"

"சந்தனம் சார்" என்றாள் அருணாதேவி. "கருவியோட உயரத்தைப் புள்ளியிலேர்ந்து டேப் வச்சு அளக்கணும். புள்ளி உள்ள இருக்கு. மேல காப்பு."

"சுரண்டி எடுங்க."

"யாரு சுரண்டறது?" என்றாள் காசியம்மாள். "வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குத்தான் காப்பு கலையும்."

அருணாதேவி சந்தனக் காப்பைப் பார்த்தாள். ஒரு விரல்கடைச் சந்தனத்துக்கு அந்தப் பக்கம் வேங்கிக்கால், இந்தப் பக்கம் ஜமுனாமரத்தூர்.

"பெரிம்மா, இன்னிக்கி ஒரு அபிஷேகம் பண்ணா ஆவாதா?"

"பண்ணலாமே. யாருனா உபயம் பண்ணா எந்நாளும் நல்ல நாளுதான்." காசியம்மாள் செழியனைத் தலை முதல் வெறுங்கால் வரை பார்த்தாள். "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க சார்."

செழியன் வாட்சைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், சூடேறும் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்தார். "செழியன்" என்றார். பிறகு, குரலை இறக்கி, "பூரட்டாதி."

பால், பன்னீர், பச்சைத்தண்ணீர் என்று வரிசையாக ஊற்றினார்கள். சந்தனம் கரைந்து, பித்தளைப் புள்ளி வெயிலில் கண்ணைத் திறந்தது. வேணு டேப்பை வைத்தான். உயரம் போன மாதத்து உயரமாகவே வந்தது. செழியன் நெற்றியில் குங்குமத்தோடு தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லது பண்ணவங்க பேரு சும்மா போவாது" என்று ஜீப்புக்குப் பின்னாலேயே சொல்லி அனுப்பினாள் காசியம்மாள்.

புதுப்பிரிவு அடுத்த மாதம் தொடங்கியது. செழியனே பொறுப்பாளர். அருணாதேவிக்கு மின்விசிறிக்குக் கீழேயே மேஜை. கவிநிலா அம்மாவுக்கு ஒரு பேனா ஸ்டாண்டு வாங்கித் தந்தாள். முதல் வேலையாக மேலிருந்து உத்தரவு வந்தது: கிரிவலப் பாதை ஓரம் புதிதாக முளைத்த ஆக்கிரமிப்புகளைப் படத்தோடு கண்டுபிடித்து, அமைத்தவர் பெயரோடு அனுப்ப வேண்டும்.

"அமைத்தவர் பெயர் வானத்துலேர்ந்து எப்படி சார் தெரியும்?" என்றாள் அருணாதேவி.

"மொதல்ல படம் தெளிவா இருக்கட்டும். மத்தது தானா வரும்."

ட்ரோனை முன்னைவிடத் தாழ்வாகப் பறக்கவிட்டார்கள். படமும் அப்படி ஒரு படம். புளியமரத்தில் இலையை எண்ணலாம் போல இருந்தது. மென்பொருள் தன் பாட்டுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டே வந்து, காசியம்மாள் கடைக்கு எதிரே நின்றது.

"பெருசாக்குங்க" என்றார் செழியன்.

வேணு பெருசாக்கினான். கூரை இல்லை. சுவரும் இல்லை. உபயதாரர் பெயரை எழுத வேறு இடம் இல்லாததாலோ, மேலே இருப்பவர்கள் படிக்கட்டும் என்றோ, சிமெண்ட் தரையிலேயே முழ உயர எழுத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள்.

கூரை ஆகாத அம்மன். பிரதிஷ்டை: சர்வேயர் அருணாதேவி. முதல் அபிஷேக உபயம்: செழியன், பூரட்டாதி.

வேணு மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"இதை எடுத்துடச் சொல்லி எழுதிடலாமா சார்?" என்றான் வேணு.

"எடுத்துட்டா?" என்றாள் அருணாதேவி. "மத்த ஆக்கிரமிப்பெல்லாம் இந்தத் தூண்லேர்ந்துதானேடா அளந்திருக்கோம்? இது இல்லன்னா அதெல்லாம் எங்க இருக்குன்னு எவன் ஒத்துப்பான்?"

செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். எழுத்துகள் அப்படியேதான் இருந்தன.

"வேணு, படத்தோட தெளிவக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா."

"எவ்ளோ சார்?"

செழியன் அருணாதேவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்.

"சாமி தெரியணும். பேரு தெரியக் கூடாது. அந்த அளவுக்கு."